பட்டி பார்க்கறது ரிப்பேர் இல்லீங்க!

போன வாரம் நண்பர் ஒருத்தர் தன்னோட பழைய பிரீமியர் பத்மினியை 'ரெஸ்டோர்' பண்ணி முடிச்சுட்டேன்னு படம் போட்டிருந்தார். பெயின்ட் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு. ஆளாளுக்கு 'கலக்கிட்டீங்க தல' போட்டிருந்தாங்க. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஃப்ளோர்ல துரு இருந்துச்சே, அதை என்ன பண்ணீங்க?" "அதெல்லாம் பட்டி பார்த்து, மேல அண்டர்கோட் அடிச்சாச்சு பாஸ்"ன்னார். அதுல கடுப்பாகி எழுதறதுதான் இந்தப் பதிவு. யாருக்காவது கோபம் வந்தா பின்னூட்டத்துல கும்முங்க, வாங்கிக்கறேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். எங்க வீட்டு பத்மினி 1986 மாடல். என்னை விட வயசுல மூத்தது. கொட்டிவாக்கத்துல கடலுக்குப் பக்கத்துலயே நின்னு உப்புக்காத்து குடிச்சு வளர்ந்தது. நாலு வருஷம் முன்னாடி டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் பண்ணி வாங்கினோம். அப்பாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ரெண்டு வருஷம் கழிச்சு திண்டிவனம் தாண்டி ஒரு பஞ்சர். நான் ஜாக்கி ஏத்தினேன். ஜாக்கி ஏறுது, வண்டி ஏறலை. திடீர்னு அப்பளம் நொறுங்கற மாதிரி ஒரு சத்தம். கதவுக்குக் கீழே நீளமா ஓடுமே, அந்த ஸில்லுக்குள்ள ஜாக்கி புகுந்துடுச்சு. ஸ்டெப்னியை மாட்டக் குனிஞ்சிருந்த அப்பா கையை இழுத்துக்கிட்டது ஒரு நொடி வித்தியாசத்துல. கீழே விழுந்து கிடந்தது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டிக்கட்டி. அதுக்குப் பின்னாடி மடிச்சுத் திணிச்ச நியூஸ்பேப்பர், சொதசொதன்னு ஈரத்தோட. அந்த இடத்துல இரும்புன்னு ஒண்ணு இல்லவே இல்லை. ரெண்டு வருஷமா நாங்க குடும்பத்தோட பேப்பர் மேல உக்காந்து ஊர் சுத்தியிருக்கோம்.

இதுல பலருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. லாரிக்கு இருக்கற மாதிரி பத்மினிக்குத் தனியா சேஸிஸ் கிடையாது. ஃபியட் 1100 காலத்துலேர்ந்தே பாடிதான் சேஸிஸ். ஸில், ஃப்ளோர், தூண் எல்லாம் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குது. சீட்டு, சீட் பெல்ட், சஸ்பென்ஷன் எல்லாம் அந்த ஒரு மில்லிமீட்டர் சொச்சத் தகட்டைத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அங்க துரு வந்தா அது அழகுப் பிரச்சினை கிடையாது, எலும்பு உளுத்துப் போற கேஸ். அதுக்குப் பட்டி பார்க்கறது எலும்பு முறிவுக்குப் பவுடர் பூசற மாதிரி.

பட்டியை நான் திட்டலை. நல்ல தகட்டுல சின்ன நெளிவை நிரவ மெல்லிசா போடலாம், அதுக்குத்தான் அது இருக்கு. ஓட்டையை அடைக்கப் போட்டா, பின்பக்கம் வர்ற ஈரத்தை அதுவும் உறிஞ்சி இரும்புக்குப் பக்கத்துலயே வெச்சுக்கும். மேலே பெயின்ட் சிரிக்கும், உள்ளே துரு சாப்பிடும். துருவுக்கு மேல அடிக்கற கறுப்பு அண்டர்கோட்டும் அதே கதைதான். நம்ம ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, எர்ரரைப் பிடிச்சு சத்தம் போடாம முழுங்கிட்டு 'எல்லாம் ஓகே'ன்னு காட்டற கோடு. கோட் ரிவ்யூல அப்படி எழுதினவனைக் கிழிக்கறோம் இல்ல, காருக்கு மட்டும் ஏன் கைதட்டறோம்?

"வண்டியை நாப்பதுக்கு மேல ஓட்ட மாட்டேன்"னு ஒரு வாதம் வரும். சரிங்க, உங்க மேல மோதப்போற பஸ்ஸும் நாப்பதுல வருமா?

பிரிட்டன்ல எம்.ஓ.டி.ன்னு வருஷாந்திர சோதனை. சீட் பெல்ட், சஸ்பென்ஷன் மாதிரி முக்கியமான பிடிமானம் இருக்கற இடத்துலேர்ந்து 30 செ.மீ.க்குள்ள பலத்தைக் குறைக்கற அளவு துரு இருந்தா வண்டி ஃபெயில். பாரம் தாங்கற இடத்துல பட்டியோ ஃபைபரோ போட்டு ஒட்டினா அதை ரிப்பேர்னே ஒத்துக்க மாட்டாங்க. 40 வயசு தாண்டின, பெரிசா மாத்தாத வண்டிகளுக்கு 2018லேர்ந்து அங்கயும் விலக்கு உண்டு. ஆனா எது ரிப்பேர்ங்கற வரையறை மாறலை. நாம அதையாவது கடன் வாங்கலாம்.

அடுத்த வாதம், "டிங்கர்காரருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" நியாயமான கேள்வி. ஸில் நொறுங்கினப்புறம் கோபத்தோட ஒரு வயசான பாய்கிட்ட போய்ப் புலம்பினேன். பொறுமையா கேட்டுட்டு சொன்னார். "தம்பி, அறுத்து, தகடு வளைச்சு, வெல்டு வெக்க பத்து நாள் ஆகும். நீங்க மூணு நாள்ல கேக்கறீங்க, அதுலயும் பாதி காசு குறைக்கறீங்க. அந்தக் காசுக்குப் பட்டிதான் வரும்." எனக்கு மூஞ்சி தொங்கிடுச்சு. ஏன்னா அன்னிக்கு பேரம் பேசி ஆறாயிரம் குறைச்சதே நான்தான்.

அப்புறம்தான் நானே கத்துக்கறதுன்னு இறங்கினேன். கேட்டு, கிரில் பண்ற சாதா ஆர்க் வெல்டிங்ல முயற்சி பண்ணி, காயலாங்கடைத் தகடு பூராவும் ஓட்டை போட்டேன். அது கனமான இரும்புக்குத்தான் லாயக்கு. மெல்லிசு தகட்டுக்கு கேஸோட ஓடற மிக் வெல்டிங், 0.6 இல்ல 0.8 மி.மீ. கம்பி. ஒரே இழுப்பா இழுக்கக் கூடாது. இங்க ஒரு பொட்டு, தள்ளி அங்க ஒரு பொட்டு, ஆற விட்டு மறுபடியும். அவசரப்பட்டா தகடு சூட்டுல அலை அலையா நெளிஞ்சுடும். என் முதல் வேலையைப் பார்த்துட்டு அப்பா, "என்னடா இது, கோழி கிளறின மாதிரி இருக்கு"ன்னார் :-(

பரீட்சை சிம்பிள். ரெண்டு துண்டுத் தகட்டை வெல்டு வெச்சு, வைஸ்ல மாட்டி, சுத்தியால அடிச்சு மடக்குங்க. இணைப்பு பிச்சுக்கிட்டா நீங்க இன்னும் காரைத் தொடக் கூடாது. எனக்கு இதுல பாஸாக ஆறு மாசம் ஆச்சு. அப்புறம் பின்சீட்டுக்குக் கீழ ஃப்ளோர்ல நாலு இடம் நானே மாத்தினேன். நல்ல இரும்பு தெரியற வரைக்கும் அறுக்கணும். கையகல ஓட்டைன்னு நினைச்சது முழம் நீளமாகும். துரு மேலயே தகட்டை ஒட்ட வைக்கற வேலை வேண்டாம். பேட்டரியைக் கழட்டணும், பெட்ரோல் டாங்கை இறக்கணும், கார்ப்பெட்டை எடுக்கணும், தண்ணியும் தீயணைப்பானும் பக்கத்துல இருக்கணும். முடிச்சப்புறமும் அரைமணி நேரம் அங்கயே உக்காந்து புகை வருதான்னு பார்க்கணும்.

ஸில்லை நான் தொடலை. கதவுத் திறப்புக்குக் குறுக்கே கம்பி வெச்சு முட்டுக் கொடுக்காம அதை அறுத்தா வண்டி நடுவுல தொங்கிடும், அப்புறம் கதவே மூடாது. அந்த ரிஸ்க் என் கைக்கு மீறினது. அதே பாய்கிட்ட போய், அவர் சொன்ன காசை பேரம் பேசாம கொடுத்து, பதினோரு நாள் விட்டேன். பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி கூப்பிட்டுக் காட்டினார். வெறும் இரும்பும் வெல்டும். அதை விட அழகான படம் என் ஃபோன்ல கிடையாது.

அதனால மக்களே, அமெச்சூரா தொழில்காரரா என்கிற சண்டையே வேண்டாம். யார் பண்ணினாலும் பெயின்டுக்கு முந்தின படத்தைக் கேளுங்க. பழைய வண்டி வாங்கப் போனா பையில ஒரு சின்ன காந்தம் போட்டுக்குங்க. துணியைச் சுத்தி ஸில்லு நீளத்துக்கும் நகர்த்துங்க. ஒட்டாத இடத்துல இரும்பு இல்ல, பட்டிதான் பேசுது.

மும்பையோட கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரோட முடிஞ்சு போச்சு. இனி இந்த வண்டிங்க மிச்சம் இருந்தா நம்மள மாதிரி பைத்தியங்க வீட்டுலதான். அதுலயும் பேப்பரைத் திணிச்சு வெச்சுட்டு ரெஸ்டோரேஷன்னு பேர் வைக்காதீங்க, ப்ளீஸ்.

டிஸ்கி: படம் போட்ட நண்பரே, திட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஜாக்கி வெச்சுப் பாருங்க. கையைத் தள்ளி வெச்சுக்குங்க.