சிறுகுறிஞ்சான் பொடியும் மெட்ஃபார்மின் மாத்திரையும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களிலிருந்து நீரிழிவுக்காக எங்களிடம் வருவோர் பலரின் பையில் மருந்துச் சீட்டோடு ஒரு பொடிப் பொட்டலமும் இருக்கிறது. சிறுகுறிஞ்சான் இலை, ஆவாரம்பூ, நாவல்கொட்டை, வெந்தயம் ஆகியவற்றுள் ஒன்றோ, எல்லாம் கலந்ததோ அதில் இருக்கும். நாங்களாகக் கேட்டாலொழிய அதை வெளியே எடுப்பதில்லை. மருத்துவர் கடிந்துகொள்வார் என்ற தயக்கம். அத்தயக்கம் வேண்டியதில்லை. அப்பொடியை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்குவோர் அல்லர் நாங்கள்.

சிறுகுறிஞ்சானைச் சர்க்கரைக்கொல்லி என்றும் அழைப்பர். இலையை மென்றபின் சர்க்கரையை வாயிலிட்டால் மண்போல் இருக்கும். இதைச் செய்து பார்த்தவர்கள், இரத்தத்திலுள்ள சர்க்கரையும் அவ்வாறே மறைந்துவிடும் என்று எண்ணிவிடுகின்றனர். நாக்கில் நிகழ்வது வேறு, இரத்தத்தில் நிகழ்வது வேறு.

இரத்தத்தில் என்ன நிகழ்கிறது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 1990-இல் வெளியிட்டார்கள். இரண்டாம் வகை நீரிழிவுள்ள 22 பேர், வழக்கமான மாத்திரையோடு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் சிறுகுறிஞ்சான் இலைச்சத்தை 18 முதல் 20 மாதங்கள் உட்கொண்டனர். சர்க்கரை குறைந்தது, ஐவரால் மாத்திரையை நிறுத்தவும் முடிந்தது. நம் மண்ணில் நிகழ்ந்த மதிக்கத்தக்க ஆய்வு இது. ஆயினும் பொடி விற்போர் அந்த ஐவரைப் பற்றியே பேசுகிறார்கள். எஞ்சிய 17 பேருக்கு மாத்திரை தேவைப்பட்டதே, அதை யார் சொல்வது? மேலும், அங்கே தரப்பட்டது அளந்து தயாரித்த சத்து. பொட்டலப் பொடியின் ஒரு கரண்டியில் எவ்வளவு சத்து உள்ளது என்று யாராலும் கூற இயலாது.

மெட்ஃபார்மினுக்கும் ஒரு செடியே மூலம் என்பது பலரை வியக்கவைக்கும். ஐரோப்பாவில் நாட்டு மருந்தாக வழங்கிய கலேகா என்னும் செடியிலுள்ள பொருள் சர்க்கரையைக் குறைத்தது. ஆனால் நச்சுத்தன்மையும் கொண்டிருந்தது. அதன் வேதி உறவான மெட்ஃபார்மினை 1957-இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குப் பயன்படுத்தி எழுதினார். 1998-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், உடற்பருமனுள்ள 342 நீரிழிவாளர்கள் இதை உட்கொண்டு பத்தாண்டுகளுக்கு மேல் கண்காணிக்கப்பட்டனர். உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் மேற்கொண்டோரைவிட இவர்களிடையே மாரடைப்பு 39 விழுக்காடும், இறப்பு 36 விழுக்காடும் குறைவு. நாங்கள் மாத்திரையின் பக்கம் நிற்பதற்குக் காரணம் இதுதான். சர்க்கரை அளவு இறங்குவதை இரண்டும் காட்டலாம். ஆயுள் நீண்டதைக் காட்டியது ஒன்றே. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது விலையின்றியும் கிடைக்கிறது.

மாத்திரைக்குக் குறையே இல்லை என்று சொல்ல மாட்டோம். வயிற்றுப்போக்கு, குமட்டல் வரும்; பல்லாண்டு உட்கொண்டால் வைட்டமின் பி12 குறையக்கூடும்; சிறுநீரகம் மிகவும் தளர்ந்துவிட்டால் நிறுத்த நேரும். ஆனால் இவை அறியப்பட்ட குறைகள். இரத்தப் பரிசோதனையில் கண்டு திருத்திக்கொள்ளலாம்.

எங்களை உண்மையில் கவலைப்படுத்துபவை இரண்டு. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோடு பொடியும் சேரும்போது சர்க்கரை அளவுக்குமீறி இறங்கலாம். அதிகாலையில் வெறும் வயிற்றில் இரண்டையும் உட்கொண்டு பருத்தி எடுக்கவோ மிளகாய் பறிக்கவோ செல்வோர் காட்டிலேயே வியர்த்து மயங்கக்கூடும். துணைக்கு ஆளும் இராது. மற்றொன்று, பொடியை நம்பி இன்சுலினை நிறுத்துவது. முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளைக்கு இவ்வாறு செய்தால் ஓரிரு நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. வீட்டுப் பெரியவர்கள் எவ்வளவு வற்புறுத்தினாலும் இதற்கு இணங்காதீர்கள்.

சில பொடிகள் வியக்கத்தக்க வேகத்தில் சர்க்கரையைக் குறைக்கும். அத்தகையவற்றில் கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை மருந்தை இரகசியமாகக் கலந்திருந்தமை பல நாடுகளில் சோதனையில் வெளிப்பட்டிருக்கிறது. செடியென்று எண்ணி, அளவு தெரியாத மாத்திரையையே விழுங்கும் நிலை அது.

பொடியை விட மனமில்லாதவர்கள் மாத்திரையைக் குறைக்காமல், எங்களிடம் தெரிவித்துவிட்டு, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியையும் சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். அடுத்த முறை வரும்போது பொட்டலத்தையும், இருந்தால் அதன் விலைச்சீட்டையும் கொண்டுவாருங்கள்.