ஆளைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள்

பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது தெருவில் யார் போனாலும் நமக்கு வசதிதான். பழைய பேப்பர்காரர் வந்தால், "சாப்பிடலேன்னா அந்தச் சாக்குல போட்டுக் கட்டிக் கொண்டு போயிடுவாரு." குடுகுடுப்பைக்காரர் வந்தால் அவர்தான் பிள்ளை பிடிக்கிறவர். தெருவில் ஈ, காக்கை இல்லையென்றால் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ, போலீஸ் மாமாவா?" என்று ஆரம்பித்துவிடுகிறோம். பிள்ளை மிரண்டு வாயைத் திறக்கிறது. ஒரு வாய் உள்ளே போகிறது. கெட்டிக்காரத்தனம் பண்ணிவிட்டோம் என்று நமக்கு நினைப்பு!

பெற்றோர்களே, நாம் பூச்சாண்டியாக்கும் ஆட்கள் யார் யார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். போலீஸ்காரர், நர்ஸ், வாத்தியார். ஆபத்து வந்தால் பிள்ளை யாரிடம் ஓட வேண்டுமோ, அவர்களேதான்.

திருவண்ணாமலை தீபத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். கூட்டத்தில் குழந்தை தொலைந்துவிடக் கூடாதென்று, போலீஸார் பெற்றோரின் கைப்பேசி எண்ணை எழுதிப் பிள்ளையின் கையில் பட்டை கட்டிவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் காக்கிச்சட்டையைக் கண்டதும் கடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்படி பிள்ளையைப் பழக்கிவிட்டு, கையில் எண்ணைக் கட்டி என்ன பயன்?

ஊசிக்கு வாருங்கள். ஒன்றரை வயதையொட்டிப் போடும் தவணைக்குப் பிறகு அரசுத் தடுப்பூசி அட்டவணைப்படி அடுத்த ஊசி 5 வயதில்தான். அதன் பின் 10 வயதில், 16 வயதில். நடுவில் இருக்கும் இத்தனை வருஷமும் நர்ஸம்மாவுக்கு நம் வீட்டில்தான் வேலை. பால் குடிக்காவிட்டால் ஊசி, தூங்காவிட்டால் ஊசி. பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிள்ளை கையைக் காலை உதறி அலறும்போது, "நர்ஸ் அத்தை நல்லவங்கடா, வலிக்கவே வலிக்காது" என்கிறோம். முதலில் சொன்னதும் பொய், இப்போது சொல்வதும் பொய். "கொஞ்சம் வலிக்கும், நான் பக்கத்திலேயே இருக்கேன்" என்று சொல்ல நமக்கு என்ன கஷ்டம்?

தெருவில் போகிறவரைக் காட்டிப் பயமுறுத்தும் அதே வீட்டில் இன்னொன்றும் நடக்கிறது. விருந்தாளி வந்ததும், "மாமா மடியில போய் உக்காரு, ஒரு முத்தம் குடு" என்று தள்ளிவிடுகிறோம். பிள்ளை கூசிப் பின்வாங்கினால், "மரியாதை தெரியாத பிள்ளை" என்று பட்டம் வேறு. போக்சோ சட்டத்தின் கீழ்ப் பதிவாகும் பாலியல் வன்முறை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர் என்றுதான் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு காட்டுகிறது. முன்பின் தெரியாத பேப்பர்காரரைக் கண்டு பயப்படக் கற்றுக்கொடுத்தோம். தெரிந்தவரிடம் "வேண்டாம்" என்று சொல்லும் தைரியத்தைப் பிடுங்கிவிட்டோம். இரண்டுமே தலைகீழ்.

இந்தப் பிள்ளை பிடிக்கிறவன் கதை குழந்தைகளோடு நின்றதா? 2018 மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில், சென்னையிலிருந்து கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் வழி விசாரித்தது. அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று ஊர் கூடி அடித்ததில், அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா செத்தே போனார். வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திதான் காரணம். ஆனால் வாட்ஸ்அப் அந்தக் கதையைப் புதிதாகக் கட்டவில்லை. அது நமக்கெல்லாம் சின்ன வயசிலேயே தெரிந்த கதை.

"எங்கம்மாவும் இப்படிச் சொல்லித்தான் வளத்தாங்க, நாங்க நல்லாத்தானே இருக்கோம்" என்பீர்கள். நல்லாத்தான் இருக்கிறோமா? வண்டி திருடுபோனால் ஒரு புகார் கொடுக்க, தெரிந்த கட்சிக்காரரையோ வக்கீலையோ துணைக்கு அழைத்துக்கொண்டுதானே ஸ்டேஷன் படியேறுகிறோம்? அந்தப் பயத்தில் காவல்துறையின் பங்கும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முதல் விதை நம் வீட்டுத் திண்ணையில்தான் விழுந்தது.

சாப்பிடாத பிள்ளையின் தட்டை எடுத்து வைத்துவிடுங்கள், பசித்தால் தானே கேட்கும். பேப்பர்காரர் வந்தால் "தாத்தா, காகிதமெல்லாம் எங்க கொண்டு போறீங்க?" என்று பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். முத்தம் கொடுக்க மனமில்லாத பிள்ளை கைகூப்பி வணக்கம் சொன்னால் போதும். எந்த மாமாவுக்கும் அதனால் மரியாதை குறைந்துவிடாது.

குழந்தைகள் உதவிக்கு அழைக்க 1098 என்ற எண் இருக்கிறது. அதை மனப்பாடம் செய்ய வையுங்கள், நல்லது. ஆனால் அந்த எண்ணை அழுத்தினால் வரப்போவது யாரோ பெரியவர்தான், ஒருவேளை போலீஸ்காரரேதான். அவரைப் பார்த்து நடுங்கும்படி வளர்த்த பிள்ளை, எண் தெரிந்திருந்தும் கூப்பிடாது.