சாபமா? சதியா?

துப்பறியுங் கதைகளைப் படிப்பது வீண்காலப் போக்கென்று கூறும் அன்பர் நம்மிடையே பலருளர். கொலை நிறைந்த ஏடுகளால் அறிவு வளருமோ என்று அன்னோர் வினவுகின்றனர். வளரும் என்பதே எமது விடை. அதற்கோர் சான்று காட்டுவோம்.

1922 நவம்பரில், எகிப்து தேசத்து அரசர் பள்ளத்தாக்கில், துத்தன்காமன் என்னும் பண்டை மன்னனது கல்லறையை ஹோவர்டு கார்ட்டர் கண்டுபிடித்தார். அவ்வாராய்ச்சிக்குப் பொருளுதவிய கார்னர்வான் பிரபு 1923 ஏப்ரல் 5ஆம் நாள் கெய்ரோ நகரில் மாண்டார். கொசு கடித்த இடம் சவரக்கத்தி பட்டுப் புண்ணாகி, இரத்தம் நஞ்சேறி, நிமோனியாவும் கண்டது. காரணம் இவ்வளவு தெளிவாயிருந்தும், “மன்னன் சாபம் பலித்தது” என்று பத்திரிகைகள் கூக்குரலிட்டன. கல்லறைச் செய்திகளின் தனியுரிமையைப் பிரபு இலண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்கே விற்றிருந்தார். செய்தியின்றித் தவித்த ஏனையோர்க்குச் சாபம் நல்ல விற்பனைச் சரக்காயிற்று!

ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயிலே, கல்லறையைக் காக்கப் பண்டைப் பூசாரிகள் ஏவிய பூதங்கள் காரணமாகலாம் என்று மொழிந்தார். தடயமின்றி எதனையும் ஏற்காத துப்பறிவாளனை ஈன்ற பேனா, தான் தடயமின்றி நம்பியது. என்னே வெட்கக்கேடு!

அவ்வாண்டே அகதா கிறிஸ்டி அம்மையார் எகிப்தியக் கல்லறை ஒன்றைப் பற்றிச் சிறுகதை எழுதினார். அக்கல்லறையைத் திறந்தோர் ஒருவர்பின் ஒருவராய் மடிகின்றனர். முதற்சாவு இயற்கையானது, உலகமோ சாபம் என்றது. அப்பேச்சையே திரையாகக் கொண்டு, உடனிருந்த வைத்தியன் சொத்தாசையால் கொலை புரிகின்றான். சாபத்தை நம்பியவர்போல் நடித்தே தனித் துப்பறிவாளர் பொய்ரோ அவனைப் பிடிக்கின்றார்.

“நம்பினால் யாருக்கு நட்டம்?” என்போர் இதனை நோக்குக. சாபம் என்றவுடன் பிணத்தைச் சோதிப்பாரில்லை, மருந்துக் குப்பியைப் பார்ப்பாரில்லை, உயிலைப் படிப்பாரில்லை. கொலைஞனுக்கு இதனினுஞ் சிறந்த வக்கீல் வேண்டுமோ?

மெய்யுலகக் கணக்கையுங் கேண்மின். கல்லறையைத் திறந்த கார்ட்டர் 1939 வரை வாழ்ந்தார். அவருடன் நுழைந்த பிரபுவின் மகள் ஈவ்லின் 1980 வரை வாழ்ந்தார். பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் 2002இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, கல்லறையோ பேழையோ திறக்கப்பட்டபோது உடனிருந்த மேனாட்டார் 25 பேரின் சராசரி ஆயுள் 70 ஆண்டு எனக் கண்டது. சாபம் எங்கே போயிற்று?

தோழர்களே! சாவு நேர்ந்த வீட்டில் “யாருடைய சாபம்?” என்று கேளாதீர். “என்ன நோய்? யாருக்கு இலாபம்?” என்று கேளுங்கள். கேள்வி பிறந்த இடத்தில் பூதமும் நில்லாது, கொலைஞனும் தப்பான்.