காயத்திற்கு ஃபத்வா கொடுக்காதீர்கள்

அல்லாஹ்வின் திருப்பெயரால்.



நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று என்பதை மதரஸாவின் முதல் வகுப்புப் பிள்ளையும் அறியும். காரைக்காலில் அக்கடமையில் நாம் குறை வைப்பதில்லை. ஒருவர் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பினால், அன்று அஸருக்குப் பிறகு வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது. ஆனால் விசாரிக்கச் சென்றவர்கள் துஆச் செய்துவிட்டுத் திரும்புகிறோமா? இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே மருத்துவராகவும் முஃப்தியாகவும் ஆகிவிடுகிறோம். இதைப் பற்றித்தான் இங்கே கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது.

அண்மையில் ஒரு சகோதரரைப் பார்க்கச் சென்றோம். நெடுநாள் சர்க்கரை நோயாளி. கால் பெருவிரலை அகற்றி மூன்று வாரம் ஆகியிருந்தது. காயம் ஆறாமல் ஈரமாகவே இருந்தது. தலைமாட்டில் இருந்தவை ஒரு பாக்கெட் ரொட்டி, ஆரோரூட் மாவுக் கஞ்சி, மிளகு ரசம். முட்டை, மீன் ஏதும் கொடுக்கிறீர்களா என்று கேட்டோம். அவருடைய மூத்த சகோதரி பதறிப்போனார். "என்ன ஹஜ்ரத் இப்படிக் கேக்குறீங்க? முட்டை கொடுத்தா சீழ் வச்சிரும். மீன் கிரந்தி. பருப்பு வாயு. பால் கொடுத்தா புண்ணு நீர் கோக்கும்." வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பொருளைத் தடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மருத்துவமனைச் சீட்டில் சர்க்கரையைக் கட்டுப்படுத்துமாறும் புரதம் சேர்க்குமாறும் எழுதியிருந்ததை எவரும் படிக்கவில்லை.

அன்பின் வடிவமாகத்தான் அந்தச் சகோதரி அங்கே அமர்ந்திருந்தார். அவரைக் குறைசொல்ல நமக்கு வாய் வரவில்லை. நம் கோபம் அந்தத் தடைகளை உறுதியான குரலில் சொல்லிவிட்டுப் போனவர்கள் மீதுதான்.

அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக வரும் நிகழ்ச்சியை நாம் மிம்பரில் பலமுறை கேட்டிருக்கிறோம். பயணத்தில் ஒரு தோழருக்குத் தலையில் கல் பட்டுக் காயம் ஏற்படுகிறது. பிறகு அவருக்குக் குளிப்புக் கடமையாகிறது. தயம்மும் செய்துகொள்ள எனக்குச் சலுகை உண்டா என்று உடனிருந்தவர்களிடம் கேட்கிறார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அவர் குளிக்கிறார், இறந்துபோகிறார். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அந்த மனிதரை அவர்களே கொன்றுவிட்டார்கள் என்ற பொருளில் மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதுதானே என்று கடிந்துகொண்டார்கள். இந்நிகழ்ச்சியைத் தயம்மும் பாடத்தில் நடத்திவிட்டு நாம் கடந்துவிடுகிறோம். காயம்பட்ட ஒருவனின் உடலைப் பற்றி அறியாமல் தீர்ப்புச் சொல்வது எத்தகைய குற்றம் என்பதும் அதே பாடத்தில்தான் இருக்கிறது.

காயம் எப்படி ஆறுகிறது? அறுபட்ட இடத்தை உடல் புதிதாக நெய்கிறது. அந்த நெசவின் நூல் கொலாஜன் என்னும் புரதம். உண்ணும் புரதத்தை உடல் உடைத்து, அதிலிருந்தே இந்நூலை நூற்கிறது. நூல் முறுக்கேறி வலுப்பெற வைட்டமின் சி வேண்டும். புதிய செல்கள் பெருக துத்தநாகம் வேண்டும். சீழ் என்பது கிருமிகளோடு போரிட்டு மடிந்த வெள்ளணுக்களும் சிதைந்த திசுவும் சேர்ந்தது. கிருமி புகாத காயத்தில் ஆயிரம் முட்டை தின்றாலும் சீழ் வராது. அந்த வெள்ளணுக்களை உண்டாக்கவும் புரதமே வேண்டும் என்பதால், முட்டையைத் தடுப்பவர் கிருமிக்குத்தான் உதவி செய்கிறார்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். அறுவை சிகிச்சைக்குப் பின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை என்பது மருத்துவ வழிகாட்டுதல். 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். நம் பத்தியத் தட்டில் இருப்பதோ ஆறு இட்லி, நான்கு துண்டு ரொட்டி, கஞ்சி, ரசம். எல்லாவற்றையும் கூட்டினாலும் 30 கிராமைத் தொடுவது அரிது. மீதிக்கு உடல் எங்கே போகும்? தன் சொந்தத் தசையைக் கரைத்துக்கொள்ளும். நோயாளி மெலிந்துபோனதைக் கண்டு, ஆபரேஷன் உடம்பை உருக்கிவிட்டது என்கிறோம். உருக்கியதில் நம் பங்கு எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

1936-இல் ஹிராம் ஸ்டட்லி என்ற அமெரிக்க மருத்துவர் வயிற்றுப்புண்ணுக்கு அறுவை செய்துகொண்டவர்களைக் கணக்கெடுத்தார். அறுவைக்கு முன் தம் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருந்தவர்களில் 33 விழுக்காட்டினர் இறந்தனர். அவ்வளவு இழக்காதவர்களில் 3.5 விழுக்காட்டினர். 1939-இல் பாஸ்டனில் ஜான் கிராண்டன் என்ற இளம் அறுவை மருத்துவர் தம்மையே சோதனைக்கு உட்படுத்தினார். வைட்டமின் சி அறவே இல்லாத உணவை மாதக்கணக்கில் உண்டார். மூன்றாம் மாதம் முதுகில் கீறிய காயம் இயல்பாகக் கூடிற்று. ஆறாம் மாதம் கீறியது உள்ளே சேரவேயில்லை. வைட்டமின் சி செலுத்திய பின்னரே சேர்ந்தது. கப்பலோட்டிய மரைக்காயர்களின் வழிவந்த நமக்கு இது புதிய செய்தியாக இருக்கக் கூடாது. 1740-இல் புறப்பட்ட ஆன்சனின் ஆங்கிலேயக் கப்பற்படையில் ஸ்கர்வி நோய் பரவியபோது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஆறிய போர்க்காயம் ஒருவருக்கு மீண்டும் திறந்துகொண்டதாகப் பதிவு உண்டு. ஆறிய தழும்பையும் உடல் நாள்தோறும் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது; பொருள் தீர்ந்தால் அதுவும் பிரிந்துவிடும். நம் வீட்டுக் கொல்லையில் முருங்கைக் கீரையும், சந்தையில் கொய்யாவும் நெல்லிக்காயும் கிடக்க, கொய்யா குளிர்ச்சி, நெல்லி புளிப்பு என்று அவற்றையும் தள்ளிவைக்கிறோம்.

நம் ஊருக்கு இதில் தனியான ஆபத்து ஒன்றுண்டு. ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் என்ற நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. இந்திய அளவில் வயது வந்தோரில் சர்க்கரை நோயாளிகள் 11.4 விழுக்காடு. நாம் சேர்ந்திருக்கும் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் 26.3 விழுக்காடு. கோவாவுக்கு அடுத்து நாமே. நான்கு பேரில் ஒருவர்! இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கும்போது வெள்ளணுக்கள் சோம்பிப்போகும். நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்கிக் காயத்துக்குப் போதிய ஊட்டம் போகாது. இத்தகையவருக்கு ரொட்டியும் சவ்வரிசிக் கஞ்சியும் ஆரோரூட்டும் கொடுப்பது ஏறத்தாழ மாவுச்சத்தை மட்டும் கொடுப்பது. சர்க்கரையை ஏற்றிக்கொண்டே புரதத்தைத் தடுக்கும் உணவு இது. விரலை இழந்தவர் பாதத்தை இழப்பதற்கு இதைவிட நேர்வழி வேறில்லை.

பத்தியம் ஸுன்னத்தில் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. அலீ (ரலி) அவர்கள் நோயிலிருந்து தேறிவந்த சமயத்தில், உம்முல் முன்திர் (ரலி) அவர்களின் வீட்டில் தொங்கிக்கொண்டிருந்த பேரீச்சங் குலையிலிருந்து உண்ணத் தொடங்கியபோது நபியவர்கள் தடுத்தார்கள் என்று ஹதீஸ் வருகிறது. பாதியை ஓதிவிட்டு நிறுத்துவதுதான் நம் வழக்கம். மீதிப் பாதியில், அந்த அம்மையார் கீரையும் வாற்கோதுமையும் சமைத்துக் கொண்டுவர, இதிலிருந்து உண்ணுங்கள், இது உமக்கு ஏற்றது என்று நபியவர்களே அலீயிடம் சொல்கிறார்கள். ஒன்றைத் தடுத்த இடத்தில் பொருத்தமான வேறொன்றைத் தட்டில் வைத்தார்கள். நாம் பத்தைத் தடுத்துவிட்டு ரசத்தை வைக்கிறோம். நோயாளியை உண்ணுமாறு வற்புறுத்த வேண்டாம் என்னும் ஹதீஸையும் இதற்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. பசியில்லாதவரைத் திணிக்காதீர்கள் என்பது எங்கே, பசியோடு கேட்பவரிடமிருந்து தட்டைப் பறிப்பது எங்கே? அல்லாஹ் ஹலாலாக்கிய நல்ல பொருள்களை நீங்களாக ஹராமாக்கிக்கொள்ளாதீர்கள் என்று மாயிதா அத்தியாயம் எச்சரிப்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

நம் வழக்கத்திலேயே எவ்வளவு முரண்! சுகப்பிரசவமான பெண்ணுக்குப் பால் ஊற வேண்டும் என்று பால்சுறாவைத் தேடி வாங்கிப் புட்டு அவித்துக் கொடுக்கிறோம். அதே தெருவில் சிசேரியன் ஆன பெண்ணுக்கு மீன் வாடையே ஆகாது என்கிறோம். அவளுக்கும் பால் ஊற வேண்டும். கூடவே வயிற்றில் பல அடுக்குத் தையலும் ஆற வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 சிசேரியன். அப்படியானால் எத்தனை வீடுகளில் இந்தத் தட்டு?

சிலர் மருந்துக்கடையில் கொலாஜன் பொடி வாங்கி வருகிறார்கள். அது மாட்டிலிருந்தா, மீனிலிருந்தா, பன்றியிலிருந்தா எடுக்கப்பட்டது என்று கேட்பதும் இல்லை. வயிற்றுக்குள் போனால் அதுவும் உடைபட்டுத்தான் சேரும். அந்த விலைக்கு எத்தனை முட்டை வாங்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். துறைமுகத்தில் வந்திறங்கும் மத்தி மீனில் 100 கிராமுக்கு 20 கிராம் அளவுக்கு உண்டு. மத்தி ஏழை மீன் என்று விருந்தாளி முன் வைக்கக் கூசுகிறோம்.

மீன் ஒவ்வாமை உள்ளவர் மீனைத் தவிர்க்கத்தான் வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டவருக்குப் புரதத்தின் அளவை மருத்துவர்தான் வரையறுக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளில் இத்தகையோர் பலர். குடலில் அறுவை நடந்தவருக்கு எந்த நாளில் எதைத் தொடங்குவது என்பதும் அவரே சொல்ல வேண்டியது. வீடு திரும்பும் நாளில் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, முட்டை தரலாமா, மீன் தரலாமா, எவ்வளவு என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படும் உம்மாமார்களுக்காகப் படித்த பிள்ளைகள் கேளுங்கள்.

அந்தச் சகோதரரின் வீட்டுக்கு மறுவாரம் மீண்டும் சென்றோம். இந்த முறை ரொட்டி வாங்கவில்லை. ஒரு அட்டை முட்டையோடு போனோம். அவருடைய சிறுநீரகப் பரிசோதனை நன்றாக இருப்பதாகவும், நாளுக்கு இரண்டு தரலாம் என்று மருத்துவர் சொன்னதாகவும் மகன் கூறினார். மூத்த சகோதரி முட்டையை வாங்கி அடுக்களைக்குக் கொண்டுபோனார். முகத்தில் சம்மதம் முழுமையாக இல்லை. ஆனாலும் அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது.