முயல்குட்டி என்ன கலர்? எட்டு வாரம் பொறுங்க சாமி!

முயல் வாங்கணும்னு கடைக்குப் போறவங்க கேக்கற முதல் கேள்வி, "என்ன கலர்லாம் இருக்குண்ணே?". கடைக்காரரும் உள்ளங்கையில அடங்கற குட்டியைத் தூக்கிக் காட்டி, "இது சுத்தக் கறுப்பு, இது சாம்பல், இதுக்குப் போகப் போகக் காது கறுக்கும்"னு ஜோசியம் சொல்லுவார். கலருக்கு ஏத்த மாதிரி விலையும் ஏறும். என் கட்சி இதுதான் மக்களே: எட்டு வாரம் ஆகாத குட்டிக்குக் கலர் பேர் வைக்கறதும் தப்பு, அதை விக்கறதும் தப்பு.

முதல்ல கலர் விஷயம். மொட்டையா, கண் மூடித்தான் குட்டி பிறக்கும். கண் திறக்கவே பத்து நாள் ஆகும். ஆனா முதல் வாரத்துலயே சிலது தெரிஞ்சிடும். மூடின இமைக்குள்ள கறுப்பாத் தெரிஞ்சா அது சிவப்புக்கண் வெள்ளை இல்லை. தோல்ல திட்டு திட்டா இருந்தா அந்த டிசைன் ஆயுசுக்கும் மாறாது. முதுகு கறுத்து, வயிறும் காதோட உள்பக்கமும் வெளுத்திருந்தா 'அகூட்டி'யா இருக்கலாம், 'ஆட்டரா'வும் இருக்கலாம். முழுக்கக் கறுப்புன்னு முடிவு கட்டிடக்கூடாது.

இனி ஏமாத்தற கேஸ்கள். ஹிமாலயன் முயல் பிறக்கறப்ப வெள்ளை. அதுக்கு நிறம் உண்டாக்கற நொதி உடம்புச் சூட்டுல வேலை செய்யாது, கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கற மூக்கு, காது, பாதம், வால்ல மட்டும்தான் செய்யும். அதனால அங்கெல்லாம் வாரக்கணக்குல மெதுவாக் கறுக்கும். கூட்டுல குளிர் பட்டுட்டா உடம்பு முழுக்கச் சாம்பல் பூசின மாதிரி முடி வரும், அடுத்த உதிர்வுல போயிடும். அதைச் சாம்பல் முயல்னு நம்பி வாங்கினா என்ன ஆகும்? பிரான்ஸ் நாட்டு ஷாம்பெய்ன் டார்ஜான் இன்னும் மோசம். பிறக்கறப்ப அட்டக்கரி, சில மாசம் கழிச்சு வெள்ளி!

எட்டு வாரத்துல பாருங்க. முதல்ல கண், அப்புறம் வயிறு, கடைசியா முதுகு முடியில மெல்ல ஊதுங்க. முடி விரியறப்ப அடுக்கடுக்கா வளையம் தெரிஞ்சா அகூட்டி குடும்பம். கொடைக்கானல் பக்கம் மன்னவனூர் மத்திய அரசு ஆராய்ச்சி மையத்துல வளர்க்கற சோவியத் சின்சில்லாவை ஊதினா இந்த வளையம் அழகாத் தெரியும். ஒரே கலரா அடிவரைக்கும் போனா அது 'செல்ஃப்'. இதுவும் குடும்பப் பேர் மட்டும்தான். குட்டி முடியெல்லாம் உதிர்ந்து, பெரிய முயலோட முடி வர ஐந்தாறு மாசம் ஆகும். சரியான ஷேடு அப்பதான் தெரியும்.

"அப்பா அம்மாவைப் பார்த்தே சொல்லிடலாமே"ன்னு கேப்பீங்க. ரெண்டு கறுப்பு முயலுக்கு வெள்ளைக் குட்டி, நீலக் குட்டி எல்லாம் பிறக்கும். ஒளிஞ்சிருக்கற ஜீன் வெளியில தெரியாது. பல வருஷம் வளர்த்தவங்க கூட்டுலயே கண்டுபிடிச்சிடுவாங்க, ஒத்துக்கறேன். அவ்வளவு தெரிஞ்சவங்களுக்குக் குட்டியை இன்னும் நாலு வாரம் வச்சிருக்க என்ன கஷ்டம்?

கஷ்டம் வேற ஒண்ணும் இல்லை. சின்னதா இருந்தாத்தான் விக்கும். இங்கதான் குட்டியோட உயிர் மாட்டிக்குது. பால்குடிக் குட்டியோட இரைப்பையில அமிலம் கம்மி, பி.எச். 5-க்கு மேலயே இருக்கும். பெரிய முயலுக்கு அது 1-2. அமிலம் செய்ய வேண்டிய காவல் வேலையை, அம்மா பால் குட்டி வயித்துல செரிக்கறப்ப உண்டாகற கொழுப்பு அமிலங்கள் செய்யுது. நாலு வாரத்துல பாலைச் சட்டுன்னு நிறுத்திட்டா பழைய காவலும் போச்சு, புதுக் காவலும் முழுசா வந்து சேரலை. பண்ணைகள்ல நாலஞ்சு வாரத்துல பிரிக்கறாங்களேன்னா, அங்க அதே இடம், அதே தீனி. நம்மாளுங்க பஸ்ஸுல அட்டைப்பெட்டியில தூக்கிட்டு வந்து, முதல் வேலையா கேரட் கொடுப்பாங்க. அப்புறம் கழிச்சல், ரெண்டே நாள்ல கதை முடிஞ்சிடும்.

ஒரே ஒரு இடத்துல மட்டும் கலரைக் கவனிங்க. திட்டு போட்ட முயல் ரெண்டை ஜோடி சேர்த்தா, சராசரியா நாலுல ஒரு குட்டிக்குத் திட்டு ஜீன் ரெண்டு பக்கமும் வந்துடும். உடம்பு கிட்டத்தட்ட முழுக்க வெள்ளை, அங்கங்க மட்டும் கறுப்பு. 'சார்லி'ன்னு பேரு. இதுகளுக்குப் பெருங்குடல் வீங்கற கோளாறு வர வாய்ப்பு அதிகம். இது பிறந்த அன்னிக்கே கண்ணுக்குத் தெரியற விஷயம், ஆனா எந்தக் கடையிலயும் சொல்ல மாட்டாங்க.

ஆக, கலரும் தெரியணும், குட்டியும் பிழைக்கணும்னா ரெண்டுக்கும் மருந்து ஒண்ணுதான், பொறுமை. அடுத்த தடவை குட்டியைக் கையில வாங்கினதும் "எத்தனை வாரம் ஆச்சு?"ன்னு கேளுங்க. எட்டுக்குக் கீழன்னா, தங்கக் கலரா இருந்தாலும் கீழ வச்சிட்டு வந்துடுங்க. நாம வாங்கலைன்னா அவங்க விக்கப்போறதில்லை :-)