பருவம் அறிந்து தோல் பேணுதல்

மார்கழி மாதத்தில் தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு காட்சியைக் காணலாம். தேங்காய் எண்ணெய்ப் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு துளியும் விழாது. எண்ணெய் வெண்கட்டியாக உறைந்து கிடக்கும். வெப்பநிலை ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கும். புட்டியை வெந்நீரில் வைத்து உருக்கிக்கொள்ளும் பெரியோர், அதே குளிரும் வறட்சியும் தோலையும் தாக்கும் என்பதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. சென்னையில் குளித்தபடியே தில்லியிலும் குளிக்கின்றனர். அதன் விளைவைப் பிள்ளைகளின் உடல் காட்டுகிறது: சாம்பல் பூத்த கால்கள், வெடித்த உதடுகள், உறக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு.

ஒரு பழக்கம் நல்லதா, தீயதா என்று கேட்பதற்கு முன், அது எந்த நிலத்துக்கு, எந்தப் பருவத்துக்கு உரியது என்று கேட்பதே முறையாகும்.

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் காற்றில் ஈரப்பதம் மிகுதி. வியர்வை எளிதில் ஆவியாவதில்லை, உடல் பிசுபிசுக்கிறது, வேர்க்குரு தோன்றுகிறது. ஆகவே, நாளுக்கு இருமுறை குளிப்பதும், பச்சைப்பயற்று மாவு தேய்த்து எண்ணெய்ப்பசையைப் போக்குவதும் அங்கு வழக்கமாயின. அவை மூடப்பழக்கங்கள் அல்ல. அந்த நிலத்தின் காற்றுக்கு மக்கள் கண்ட விடைகள்.

தில்லியின் குளிர்காலம் வேறு வினாவை எழுப்புகிறது. குளிர்ந்த காற்று குறைந்த அளவு நீராவியையே தாங்கும். அறையில் ஹீட்டரை இயக்கினால் வெப்பம் கூடுமேயன்றி நீராவி கூடாது. அதனால் வறட்சி மேலும் மிகும். தோலின் மேலடுக்கு ஒரு செங்கற்சுவரைப் போன்றது. செல்கள் செங்கற்கள் என்றால், அவற்றின் இடையே உள்ள கொழுப்பு சாந்து ஆகும். கொதிக்கும் வெந்நீரும் மிகுந்த சோப்பும் அந்தச் சாந்தைக் கரைக்கின்றன. சுவரில் விரிசல் விட்டால் உள்ளிருக்கும் நீர் வெளியேறும். தோல் வறண்டு வெடிக்கும்.

ஆதலால், குளிர்காலத்தில் வெதுவெதுப்பான நீரில் விரைந்து குளித்தல் நன்று. வியர்வை படியும் இடங்களுக்கு மட்டும் சோப்பு போதும். உடலைத் துவட்டியபின், ஈரம் முழுவதும் உலருமுன் ஈரப்பதக் களிம்பையோ பெட்ரோலியம் ஜெல்லியையோ தடவினால் நீர் தோலிலேயே தங்கும். இதற்கு விலையுயர்ந்த பொருள் எதுவும் வேண்டுவதில்லை.

ஒருமுறை மாறினால் போதும் என்பதும் இல்லை. மே, ஜூன் மாதங்களில் அதே தில்லியில் வெப்பம் 40 டிகிரியைக் கடக்கிறது. ‘லூ’ என்னும் வறண்ட அனல்காற்று வீசுகிறது. அப்போது குடையும், முழுக்கைப் பருத்தி ஆடையும், வெயில்காப்புக் களிம்பும் துணை செய்யும். ஜூலையில் பருவமழை வலுத்தபின் காற்று சென்னையை நினைவூட்டும். அந்நாளில் கடற்கரைப் பழக்கமே மீண்டும் பொருந்தும். ஈரம் தங்கும் தோல்மடிப்புகளில் படர்தாமரை பரவும். ஆகவே உடலை நன்கு துவட்டி, உலர்ந்த ஆடை அணிதல் வேண்டும். பிறர் துண்டைப் பயன்படுத்தலாகாது. அரிப்பைக் கண்டவுடன் மருந்துக்கடையில் தாமாக ஸ்டீராய்டு களிம்பு வாங்கித் தடவுவது பெருந்தவறு. அரிப்பு சில நாள் அடங்கும். பூஞ்சையோ மறைவில் பரவும். மருத்துவரிடம் காட்டுவதே தக்கது.

“பாட்டி சொன்ன முறையை மாற்றலாமா?” என்று சிலர் வினவுவர். பாட்டி தம் ஊரின் காற்றை உற்று நோக்கியே அம்முறையைக் கைக்கொண்டார். அவர் தில்லியில் வாழ்ந்திருந்தால் தில்லியின் காற்றையும் நோக்கியிருப்பார். “தோலைப் பேணுதல் அழகுக்காக மட்டுமே” என்பர் வேறு சிலர். அதுவும் பொருந்தாது. தோல் உடலின் காவல் மதில். அதைக் காப்பது ஆண், பெண் இருபாலர்க்கும் கடமை. நிறத்தை மாற்ற முயல்வது வேறு. நலத்தைக் காப்பது வேறு.

பண்டைத் தமிழ் இலக்கணம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தது. நிலத்துக்கும் பொழுதுக்கும் ஏற்ப வாழ்வு மாறும் என்பதே அதன் உட்கிடை. பெற்றோரின் பணிமாற்றத்தால் ஊர்விட்டு ஊர் செல்லும் பிள்ளைகள் அறியவேண்டுவதும் அதுவே. பழக்கத்தை மட்டும் பெட்டியில் கட்டிக்கொண்டு செல்லுதல் போதாது. அப்பழக்கத்தின் காரணத்தையும் உடன் கொண்டுசெல்லுதல் வேண்டும். காரணம் அறிந்தவர் எந்த ஊரிலும் புதிய விடையைக் காண்பர்.

சிந்தித்து எழுதுக

1. தோலின் மேலடுக்கு எதனோடு ஒப்பிடப்படுகிறது? ஏன்?
2. கடற்கரைப் பழக்கம் தில்லியில் எந்தப் பருவத்தில் பொருந்துகிறது?
3. உம் வீட்டுப் பழக்கம் ஒன்றைக் குறிப்பிட்டு, அது எந்த நிலத்துக்கும் பருவத்துக்கும் உரியது என்பதை ஐந்து தொடர்களில் எழுதுக.