35 பந்தயங்களும் ஒரு மஞ்சள் கொடியும்

நாஸ்கார் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மவர்களில் பெரும்பாலானோர் ஏளனமாகச் சிரிப்பதை நான் கண்டிருக்கிறேன். "வட்டத்திலே சுற்றிச் சுற்றி ஓடுவதில் என்ன விளையாட்டு இருக்கிறது?" என்பதே வழக்கமான கேள்வி. பல தசாப்தங்கள் பத்திரிகைப் பணியில் கழித்து, அதிற் கணிசமான காலம் விளையாட்டுப் பக்கத்தையும் கவனித்தவன் என்ற முறையில் ஒன்றை அறிவேன். புரியாதவர்களின் ஏளனத்தால் எந்த விளையாட்டும் அழிந்ததில்லை. அதை நடத்துகிறவர்களாலேயே அது சிதைக்கப்படுகிறது. அமெரிக்காவின் ஸ்டொக் கார் பந்தயத்துக்கு நேர்ந்திருப்பதும் அதுதான். அந்தப் பந்தயத்தின் பழைய ரசிகர்கள் இன்று எழுப்பும் கோபக்குரலை வெறும் பழம்பெருமைப் புலம்பல் என்று ஒதுக்குபவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

2025 நவம்பர் 2ஆம் திகதி அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் தடத்தில் நடந்ததை முதலிற் சொல்லிவிடுகிறேன். பெப்ரவரியில் தொடங்கிய 36 பந்தயங்களில் அதுவே இறுதியானது. சம்பியன்பட்டத்துக்குத் தகுதி பெற்ற நால்வரில் அந்த ஒரு பந்தயத்தில் யார் முன்னே முடிக்கிறாரோ அவருக்கே ஆண்டு முழுவதற்குமான பட்டம் என்பது விதி. தமது இருபதாவது முழுப் பருவத்தில், ஒரு தடவையேனும் சம்பியனாகாத டெனி ஹாம்லின், அன்று 208 சுற்றுக்கள் முன்னணியில் ஓடினார். அந்தப் பருவத்தில் அவருக்கு ஏற்கெனவே 6 வெற்றிகள். பந்தயம் முடிவதற்கு மூன்று சுற்றுக்கள் இருக்கையில் வேறொரு சாரதியின் ரயர் காற்றிறங்கி அவரது கார் சுவரில் மோதியது. மஞ்சள் கொடி காட்டப்பட்டது. எல்லோரும் ரயர் மாற்ற உள்ளே வந்தனர். ஹாம்லின் நான்கு ரயர்களை மாற்றினார், கைல் லார்சன் இரண்டை மட்டும் மாற்றி முன்னே புறப்பட்டார். மேலதிகமாக ஓடப்பட்ட இரண்டு சுற்றுக்களின் முடிவில் லார்சன் மூன்றாமிடம், ஹாம்லின் ஆறாமிடம். பந்தயத்தை வென்றவர் ரையன் பிளேனி. சம்பியன் லார்சன்.

லார்சன் அன்று ஒரு சுற்றுக்கூட முன்னணியில் ஓடவில்லை. மே மாதத்துக்குப் பின்னர் அவர் எந்தப் பந்தயத்தையும் வென்றிருக்கவுமில்லை. அவர் தலைசிறந்த சாரதி என்பதில் எனக்கு ஐயமில்லை. விதி தந்ததை அவர் பெற்றுக்கொண்டார், அவரிற் குற்றமில்லை. ஆனால் 35 வாரங்கள் பார்த்த ரசிகனிடம், அந்த 35 வாரங்களும் இந்த இரண்டு சுற்றுக்களுக்கான முன்னுரை மட்டுமே என்று சொல்வது எவ்வகை நியாயம்?

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த உணர்வு புதிதல்ல. 1992 உலகக் கிண்ண அரையிறுதியில், சிட்னி மைதானத்தில் பெய்த சிறு மழைக்குப் பின், தென்னாபிரிக்காவின் இலக்கு 13 பந்துகளில் 22 ஓட்டங்கள் என்பதிலிருந்து ஒரே பந்தில் எட்ட முடியாத ஓர் எண்ணாக மாறியதைப் பார்த்து உலகமே வெட்கப்பட்டது. கிரிக்கெட் நிர்வாகிகள் பின்னர் அந்த விதியைக் கைவிட்டார்கள். நாஸ்கார் நிர்வாகிகளோ அத்தகைய விபத்தையே விதியாக எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு 'பரபரப்பு' என்று பெயரும் சூட்டினார்கள்.

இந்தச் சீர்கேட்டின் வரலாறு சுவையானது. 1975 முதல் 2003 வரை பெரிதாக மாறாத ஒரு புள்ளி முறை இருந்தது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் புள்ளி. ஆண்டு முடிவிற் கூட்டிப் பார்த்தால் யார் முதலிடம் என்பது தெரிந்துவிடும். 2003இல் மட் கென்செத் ஒரேயொரு வெற்றியுடன் சம்பியனானார். அவ்வாண்டு 8 பந்தயங்களை வென்ற ரையன் நியூமன் ஆறாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். வெற்றிக்கு மதிப்பில்லாத முறை இது என்ற கூக்குரல் எழுந்தது. அதில் ஓரளவு நியாயமும் இருந்தது. வெற்றிக்குரிய புள்ளியைக் கூட்டியிருந்தால் விடயம் முடிந்திருக்கும். ஆனால் 2004இல் கடைசிப் பத்துப் பந்தயங்களைத் தனியே வெட்டியெடுத்து, முதற் பத்துச் சாரதிகளின் புள்ளிகளை ஏறத்தாழச் சமப்படுத்தி, 'சேஸ்' என்ற பெயரில் ஒரு குறும்போட்டியை உருவாக்கினார்கள். 2007இல் பத்து பன்னிரண்டாயிற்று. 2011இல் புள்ளிக் கணக்கு மாறியது. 2014இல் பதினாறு பேர், மூன்று பந்தயங்களுக்கொரு முறை நால்வர் நீக்கம், இறுதியில் நால்வர், ஒரே பந்தயம் என்றாயிற்று. 2017இல் ஒவ்வொரு பந்தயத்தையும் கட்டங்களாக வெட்டி, கட்டத்துக்குக் கட்டம் புள்ளி வழங்கினார்கள்.

வெற்றிக்கு மதிப்பளிக்கவே இத்தனையும் என்றார்கள் அல்லவா? 2014ஆம் ஆண்டின் இறுதிப் பந்தயத்தைப் பாருங்கள். அவ்வாண்டில் ஒரு வெற்றிகூடப் பெறாத ஒருவர் நீக்கங்களிலெல்லாம் தப்பிப் பிழைத்து, இறுதி நால்வரில் ஒருவராகி, சம்பியன்பட்டத்துக்கு ஓரிடம் பின்னால் வந்து முடித்தார். அவர் பெயர் ரையன் நியூமன். 8 வெற்றிகளுடன் ஆறாமிடம் பெற்ற அதே மனிதர், அவருக்கு நேர்ந்த அநியாயத்தைத் திருத்துவதற்காகச் செய்யப்பட்ட சீர்திருத்தத்தின் பயனாக, வெற்றியே இல்லாமல் இரண்டாமிடம் பெற்றார். இதைவிடக் கூர்மையான அங்கதத்தை எந்த எழுத்தாளனாலும் கற்பனை செய்ய இயலாது.

விதி கோணலாயிருந்தால் ஒழுக்கமும் கோணலாகும். 2013 செப்டெம்பரில் ரிச்மண்ட் தடத்தில் ஓர் அணியின் சாரதி ஐயத்துக்கிடமான முறையிற் சுழன்று நின்றார். அந்த மஞ்சள் கொடியால் அவருடைய சக சாரதிக்கு 'சேஸ்' வாய்ப்புக் கிடைத்தது. விசாரணையின் பின் அந்த அணிக்கு 300,000 டொலர் அபராதம்; தகுதி பெற்றவர் நீக்கப்பட்டார். அத்துடன் நிற்காமல், பன்னிரண்டு பேருக்கான பட்டியலில் ஜெவ் கோர்டனைப் பதின்மூன்றாமவராகச் சேர்த்தார்கள். விதியை விளையாட்டின் நடுவிலே நீட்டிச் சுருக்கலாம் என்பதை நிர்வாகமே கற்றுக்கொடுத்தது. 2024 ஓகஸ்டில் அதே ரிச்மண்டில், புள்ளிப் பட்டியலில் 32ஆம் இடத்திலிருந்த ஒஸ்டின் டிலன் இறுதிச் சுற்றில் தமக்கு முன்னே சென்ற இருவரை அடுத்தடுத்து மோதித் தள்ளி வென்றார். ஒரு வெற்றி கிடைத்தால் நேரே 'பிளேஓவ்' என்ற விதி இருக்கும்போது அவர் செய்தது அறமற்றதாயினும் கணக்குப்படி சரியானதே! பின்னர் அந்தத் தகுதியை மட்டும் பறித்தார்கள், வெற்றியை விட்டுவைத்தார்கள். பாதித் திருட்டுக்குப் பாதித் தண்டனை. அதே ஆண்டு ஒக்டோபரில் ஜோயி லொகானோ களத்தில் நீக்கப்பட்டு, வேறொருவரின் கார் எடை குறைந்திருந்ததால் மீண்டும் சேர்க்கப்பட்டு, அடுத்த வாரம் லாஸ் வேகாஸில் வென்று, ஈற்றிற் சம்பியனுமானார். எல்லாம் விதிப்படிதான். புள்ளி அட்டவணையை ஆண்டு முழுவதும் வெட்டி ஒட்டி வைத்திருந்த ரசிகன்தான் முட்டாளானான்.

"அந்தக் காலத்திலும் எல்லாப் பந்தயமும் விறுவிறுப்பாகவா இருந்தன?" என்று நிர்வாகத்தின் ஆதரவாளர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. இல்லைத்தான். 1965இல் டார்லிங்டன் தடத்தில் நெட் ஜாரெட் இரண்டாமவரை விடப் 14 சுற்றுக்கள் முன்னதாக வென்றார். 14 செக்கன்கள் என்று வாசித்துவிடாதீர்கள், சுற்றுக்கள்! அப்படியும் மக்கள் வந்தார்கள். மறுபுறம், 2024 மே மாதம் கன்சாஸில் லார்சன் 0.001 செக்கனில் வென்றார்; அந்தத் தொடரின் வரலாற்றிலேயே மிக நெருக்கமான முடிவு அது. நெருக்கமான முடிவுகளுக்கு இன்று பஞ்சமே இல்லை. ஆகவே ரசிகன் கேட்பது நெருக்கத்தை அல்ல. 14 சுற்று வித்தியாசத்தை அவன் ஏற்றுக்கொண்டது, அது உழைத்துப் பெறப்பட்டது என்று நம்பியதால். இன்று 0.001 செக்கன் முடிவைக் கண்டும் அவன் புருவத்தை நெரிக்கிறான் என்றால், எது தானாக நடந்தது, எது நடத்தப்பட்டது என்று பிரித்தறிய அவனால் முடியவில்லை.

காரும் அவனுடையதாக இல்லை. 'ஸ்டொக் கார்' என்றாலே கடையில் விற்கப்படும் கார் என்றுதான் பொருள். கள்ளச்சாராயம் கடத்தி, பொலிஸாரிடமிருந்து மலைப்பாதைகளில் தப்பியோடிய இளைஞர்களும் அந்தக் கார்களுமே இப்பந்தயத்தின் வேர்களில் முக்கியமானவை. 1948இல் நாஸ்கார் நிறுவப்பட்டது. அதன் பெருவீரர்களில் ஒருவரான ஜூனியர் ஜோன்சன் சாராயக் குற்றத்துக்காக 1950களிற் சிறையிருந்தவர். பின்னாளில் ஜனாதிபதி ரேகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். 2022இல் அறிமுகமான இன்றைய காரின் முக்கிய பாகங்களையோ அணிகள் குறிப்பிட்ட ஒரே விநியோகத்தரிடமிருந்து வாங்கியாக வேண்டும். செலவைக் குறைத்துச் சமநிலை காண்பது நோக்கமாம். விளைவு, எல்லாக் கார்களும் ஒரே வேகத்தில் ஓடுகின்றன. அகன்ற ரயரும் பெரிய பிரேக்கும் இருப்பதால் எல்லோரும் திருப்பத்தின் மிக அருகே வந்தே வேகம் குறைக்கிறார்கள். பின்னால் வருபவருக்கு முந்துவதற்கு இடமேயில்லை. மார்ட்டின்ஸ்வில் போன்ற, ஒரு காலத்தில் உரசலுக்கும் தந்திரத்துக்கும் பெயர்பெற்ற சிறிய தடங்களே இதனால் மிகவும் பாதிக்கப்பட்டன. போதாக்குறைக்கு, அந்தக் காரின் பின்பகுதி அளவுக்கு மீறி விறைப்பாக அமைந்ததால் மோதலின் அதிர்ச்சி சாரதியின் தலைக்கே போயிற்று. 2022 ஜூலையில் பொகோனோவில் மூளை அதிர்ச்சிக்குள்ளான கேர்ட் புஷ்ஷின் முழுநேரப் பந்தய வாழ்வு அத்தோடு முடிந்தது. அதன் பின்னரே பின்பகுதியைத் திருத்தினார்கள்.

பாதுகாப்பு விடயத்தில் நிர்வாகத்துக்குரிய பெருமையை மறுக்கமாட்டேன். 2001இல் டேல் ஏர்ன்ஹார்ட் டேடோனாவின் இறுதிச் சுற்றில் மாண்டதற்குப் பின், முதன்மைத் தொடரின் பந்தயத்தில் எந்தச் சாரதியும் உயிரிழக்கவில்லை. ரசிகர்களில் எவரும் அந்தப் பழைய ஆபத்துத் திரும்ப வேண்டுமென்று கேட்கவுமில்லை.

டேடோனா என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இன்று டேடோனாவிலும் டலடேகாவிலும் பந்தயத்தின் பெரும்பகுதியில் சாரதிகள் வேண்டுமென்றே மெதுவாக ஓடுகிறார்கள். எரிபொருளைச் சேமித்தால் நிரப்புவதற்கு நிற்கும் நேரம் குறையும், அங்கே இடத்தைப் பிடிக்கலாம். தடத்தில் முந்த முடியாத கார், தரிப்பிடத்தில் முந்துகிறது! நுழைவுச்சீட்டு வாங்கி, நெடுந்தூரம் காரோட்டி, வெய்யிலில் அமர்ந்திருப்பவன் பார்ப்பது நாற்பது பேரின் சிக்கன நடவடிக்கையை.

வீட்டிலிருந்து பார்ப்பவனுக்கும் நிம்மதியில்லை. 2025 முதல் 2031 வரையான ஒளிபரப்பு உரிமை 7.7 பில்லியன் டொலருக்கு விற்கப்பட்டிருக்கிறது. பருவத்தின் ஒரு பகுதி பொக்ஸ், அடுத்த ஐந்து பந்தயங்கள் அமேசான், அதற்கடுத்த ஐந்து ரி.என்.ரி., மீதி என்.பி.சி.யும் மற்றோர் அலைவரிசையும். வட கரோலினாவில் வாழும் என் சகோதரி மகன் ஞாயிறுதோறும் பந்தயத்தைவிட அலைவரிசையைத் தேடுவதிலேயே களைத்துப்போகிறான். 1979 பெப்ரவரியில் டேடோனா 500 முதன்முதலாகத் தொடக்கம் முதல் முடிவு வரை நேரடியாக ஒளிபரப்பானபோது, கிழக்குக் கரை பனிப்புயலில் முடங்கிக் கிடக்க, ஒரே அலைவரிசையில் நாடே அதைப் பார்த்தது. இறுதிச் சுற்றில் முன்னணியிலிருந்த இருவரும் மோதிக்கொண்டு புல்வெளியிற் கைகலப்பில் இறங்க, பின்னால் வந்த ரிச்சர்ட் பெட்டி வென்றார். எந்தச் சந்தைப்படுத்தல் கூட்டத்திலும் அது திட்டமிடப்படவில்லை.

இந்த அவமதிப்பெல்லாம் தற்செயலானதோ என்று எண்ணியிருந்தவர்களின் ஐயத்தை நீதிமன்றம் தீர்த்துவைத்தது. கூடைப்பந்து வீரர் மைக்கல் ஜோர்டானும் ஹாம்லினும் பங்குதாரர்களாயுள்ள அணியும் மற்றோர் அணியும் 2024 ஒக்டோபரில் நாஸ்காருக்கு எதிராக ஏகபோக வழக்குத் தொடர்ந்தன. விதியை எழுதுவதும், பெரும்பாலான தடங்களை வைத்திருப்பதும், அணிகளுக்கு உரிமம் வழங்குவதும் ஒரே குடும்பத்தின் நிறுவனமே என்பது வழக்கின் சாரம். 2025 டிசெம்பரில் விசாரணையின் இடைநடுவே சமரசம் ஏற்பட்டு, அணிகளுக்கு நிரந்தர உரிமம் கிடைத்தது. ஆனால் அதற்கு முன்னரே உள்ளகக் குறுஞ்செய்திகள் வெளியாகிவிட்டன. நாஸ்காரின் உயரதிகாரி ஸ்டீவ் பெல்ப்ஸ், மூத்த அணி உரிமையாளர் ரிச்சர்ட் சில்ட்ரஸைப் பட்டிக்காட்டு முட்டாள் என்று பொருள்படும் சொல்லால் ஏசி, சவுக்கடி கொடுக்கப்பட வேண்டியவர் என்றும் எழுதியிருந்தார். சில்ட்ரஸ், சிறுவயதிற் பந்தய மைதானத்தில் கடலை விற்றுத் தொடங்கியவர். ஏர்ன்ஹார்டின் ஏழு சம்பியன்பட்டங்களில் ஆறு அவருடைய அணியில் வந்தவை. அவரையே இப்படி நினைத்தவர்கள், கம்பி வேலிக்கு அப்பால் நின்று தொப்பியை அசைக்கும் சாதாரண ரசிகனை என்னவென்று நினைத்திருப்பார்கள்? பெல்ப்ஸ் 2026 ஜனவரியில் தமது விலகலை அறிவித்தார்.

அதே ஜனவரியில்தான் மற்ற அறிவிப்பும் வந்தது. ஒற்றைப் பந்தய இறுதி ஒழிக்கப்பட்டது, நீக்கச் சுற்றுக்களும் போயின, ஒரு வெற்றி பெற்றால் நேரடித் தகுதி என்பதும் போயிற்று. 2026இலிருந்து மீண்டும் பழைய 'சேஸ்', பதினாறு சாரதிகள், பத்துப் பந்தயங்கள். "உங்கள் குரலைக் கேட்டோம்" என்ற பாவனையில் அறிவித்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளாகக் காது கேளாதிருந்தவர்கள் அரைக்காதால் கேட்டதற்கு நன்றி சொல்ல வேண்டுமாம். ஏனெனில் 26 பந்தயங்களின் முடிவிற் புள்ளிகள் மறுபடியும் கலைத்து அடுக்கப்படும். பெப்ரவரி முதல் ஓகஸ்ட் வரை ஒருவர் சேர்த்த முன்னிலை, முன்னரைப் போலவே, ஓர் இரவில் சுருக்கப்படும்.

ஐந்து தடவைகள் இரண்டாமிடத்தில் முடித்தும் ஒருபோதும் சம்பியனாகாத மார்க் மார்ட்டின், 36 பந்தயங்களின் புள்ளிகளையும் முழுமையாகக் கூட்டும் முறையே வேண்டுமென்று வெளிப்படையாக வாதாடினார். பட்டத்தை இழப்பதென்றால் என்னவென்று அவரைவிட நன்கறிந்தவர்கள் குறைவு. அவர் கேட்டதையே ரசிகர்களும் கேட்கிறார்கள். முதற் பந்தயத்திலிருந்து கடைசிப் பந்தயம் வரை, ஒவ்வொன்றிலும் எடுத்த புள்ளியை எழுதி, அடியிற் கோடு போட்டு, கூட்டுங்கள். அதற்கு ஆலோசனைக் குழுவும் வேண்டாம், புதுப் பெயரும் வேண்டாம்.